பரங்கிக்காய்க்குள் சிக்கன்: ரசம் ஆகாமல் செய்வது எப்படி?

கேள்வி: பெரம்பூரில் இருக்கிறோம். வீட்டில் நான், கணவர், கல்லூரியில் படிக்கும் மகள், மாமியார். கணவருக்கு 52 வயது. போன மாத ரத்தப் பரிசோதனையில் கெட்ட கொலஸ்ட்ரால் 168 என்று வந்தது, சர்க்கரையும் எல்லையில் நிற்கிறது. நெய், வெண்ணெய், க்ரீம் எல்லாவற்றையும் குறைக்கச் சொல்லிவிட்டார் டாக்டர். அந்த நேரம் பார்த்து மகள், ஸ்குவாஷ் என்கிற காயைக் குடைந்து உள்ளே சிக்கனும் க்ரீமும் வைத்துச் சுடுகிற வீடியோ ஒன்றைக் காட்டி, இதைச் செய்தே ஆக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். ஸ்குவாஷ் கிடைக்கவில்லை, மஞ்சள் பூசணியில் செய்தேன். சிக்கனைப் பச்சையாகவே உள்ளே வைத்து, ஒரு டப்பா க்ரீம் ஊற்றி, நாலு சீஸ் கியூப் போட்டு, புளிப்புக்கு எலுமிச்சையும் பிழிந்தேன். ஓவனிலிருந்து எடுத்துப் பார்த்தால் உள்ளே ரசம் மாதிரி தண்ணீர், அதில் திப்பி திப்பியாகத் திரிந்த க்ரீம், சிக்கனோ ரப்பர். மகள் ஒரு வாய்க்கு மேல் தொடவில்லை. கணவர் மட்டும் "நல்லாத்தான் இருக்கு" என்று பாதிக்கு மேல் சாப்பிட்டுவிட்டார். அதுதான் எனக்குப் பயம். உடம்புக்குக் கெடுதல் இல்லாமல், அதே க்ரீமி பதத்தில் செய்ய வழி உண்டா? மாமியார் சைவம், அவருக்கும் ஏதாவது சொல்லுங்கள்.

பதில்: "நல்லாத்தான் இருக்கு" என்ற இடத்தில் சிரித்துவிட்டேன், மன்னியுங்கள். வீட்டில் எது வீணாகக் கூடாதோ அதை உள்ளே தள்ளிவிடுகிற நல்ல மனது பல ஆண்களுக்கு உண்டு, அவர்களில் பல பேர் கடைசியில் டயட்டீஷியனான என் எதிரில் வந்துதான் உட்காருகிறார்கள்.

முதலில் அந்தப் பயத்துக்குக் கணக்குப் போட்டுவிடுவோம். கடையில் நாம் வாங்கும் சாதாரண க்ரீமில் கொழுப்பு 25 சதவீதம். டப்பா 200 மில்லி என்றால் கொழுப்பு மட்டுமே 50 கிராம், அதில் ஏறக்குறைய 30 கிராம் நிறைவுற்ற கொழுப்பு. உங்கள் கணவர் பாதி சாப்பிட்டார் என்றே வைத்துக்கொள்வோம், 15 கிராம். ஒரு நாளைக்கு 1,800 கலோரி சாப்பிடுகிற, கெட்ட கொலஸ்ட்ரால் கூடியிருக்கிற ஒருவருக்கு நாங்கள் அனுமதிக்கிற நிறைவுற்ற கொழுப்பு, காலைக் காபியில் விடுகிற பாலையும் சேர்த்து, சுமார் 14 கிராம். அதை ஒரே ராத்திரியில், க்ரீமில் மட்டுமே, சீஸைக் கணக்கில் சேர்க்காமலே தாண்டிவிட்டார். ஒரு நாள் என்பதால் ஒன்றும் ஆகிவிடாது, பதற வேண்டாம். ஆனால் வாரா வாரம் செய்கிற சமையல் இல்லை அது.

சரி, இப்போது அந்த ரசத்துக்கு வருவோம், உங்கள் கேள்வியின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது. நீங்கள் க்ரீமைக் குறைவாகப் போட்டதால் அது கெட்டியாகவில்லை என்று நினைத்திருப்பீர்கள். இன்னொரு டப்பா ஊற்றியிருந்தாலும் அதேதான் நடந்திருக்கும். மஞ்சள் பூசணியில் நூற்றுக்கு 92 பங்கு தண்ணீர். பச்சைச் சிக்கனில் முக்கால் பங்கு தண்ணீர். இரண்டையும் ஒன்றுக்குள் ஒன்று வைத்து மூடிச் சுட்டால் அந்தத் தண்ணீர் எங்கே போகும்? கிண்ணம் மாதிரிக் குடைந்த காய்க்குள்ளேயே தேங்கி நிற்கும். அதில் மிதந்த க்ரீம் நீர்த்துப்போய், நீங்கள் பிழிந்த எலுமிச்சையும் ஓவன் சூடும் சேர்ந்து திரிந்துவிட்டது.

வீடியோவில் அந்த அம்மாவுக்கு மட்டும் ஏன் வந்தது என்றால், அவர் வைத்திருந்தது பெரும்பாலும் பட்டர்நட் ஸ்குவாஷாக இருக்கும். அதில் தண்ணீர் 86 சதவீதம். ஆறுதானே வித்தியாசம் என்று தோன்றும். மிச்சத்தைப் பாருங்கள்: நூறு கிராம் காயில் தண்ணீர் போக நிற்பது அங்கே 14 கிராம், நம்மூர்க் காயில் 8. சதைப்பற்று கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. இத்தனைக்கும் இரண்டும் பங்காளிகள், பட்டர்நட்டும் நம் பரங்கியில் பெரும்பாலானவையும் தாவரவியலில் ஒரே இனம்தான், பூர்வீகமும் ஒன்றுதான், அமெரிக்கக் கண்டம். (நல்ல வேளை, மளிகைக் கடையில் போய் ஸ்குவாஷ் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எலுமிச்சை ஜூஸ் பாட்டிலை எடுத்து நீட்டியிருப்பார்.)

பட்டர்நட் இப்போது சென்னையில் சில பெரிய சூப்பர் மார்க்கெட்டுகளில் கிடைக்கிறது, ஆனால் அதன் விலைக்கு ஒரு வாரக் காய்கறி வாங்கிவிடலாம். தேவையே இல்லை. மயிலாப்பூர் தெற்கு மாட வீதியோ உங்கள் பக்கத்து மார்க்கெட்டோ, ஒன்றேகால் கிலோவுக்குள் இருக்கிற குட்டிப் பரங்கி முழுசாகக் கிடைத்தால் போதும். பிஞ்சு வேண்டாம், முற்றியது வேண்டும். காம்பு காய்ந்து கட்டையாக இருக்க வேண்டும், தோலில் நகம் இறங்கக் கூடாது, கையில் எடுத்தால் பார்வைக்கு இருப்பதைவிடக் கனமாகத் தெரிய வேண்டும். கடைக்காரர் அதே லோடில் வந்த இன்னொன்றைப் பத்தை போட்டு வைத்திருப்பார், அதன் நிறத்தைப் பாருங்கள். வெளிறிய மஞ்சளாக இருந்தால் தண்ணீர்க் காய், விட்டுவிடுங்கள். ஆழ்ந்த ஆரஞ்சு நிறம் என்றால் வாங்கலாம். வெண்பூசணியில் முயற்சி செய்த ஒரு வாசகரும் எனக்கு எழுதியிருக்கிறார், அதைத் திருஷ்டிக்கே விட்டுவிடுவோம்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு துண்டு பச்சையாக நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் மொத்தக் காயையும் தூக்கிப் போட்டுவிடுங்கள், யோசிக்கவே வேண்டாம். பூசணி, சுரை, சுக்கினி எல்லாக் குடும்பத்துக்கும் இது பொருந்தும். அபூர்வமாகக் கசக்கிற காயில் இருக்கும் நஞ்சு வேகவைத்தாலும் போகாது, வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும்.

இனி தண்ணீரை வெளியேற்றுகிற வேலை. மேலே தொப்பி மாதிரி வெட்டிக் குடைவது படத்துக்கு அழகு, சமையலுக்கு வம்பு. குறுக்கே இரண்டாக வெட்டி விதையை வழித்து எடுத்துவிடுங்கள் (விதையைக் கழுவிக் காயவைத்து வறுத்தால் சாயங்காலத்துக்கு ஆச்சு). உள்ளே அரை ஸ்பூன் உப்பைத் தடவி, ஒரு தட்டில் கவிழ்த்து இருபது நிமிடம் வையுங்கள். தட்டில் தேங்குகிற தண்ணீரைப் பார்த்தால் நீங்களே ஆச்சரியப்படுவீர்கள். அதைக் கொட்டி, உட்பக்கத்தைத் துணியால் ஒற்றி எடுத்து, மெலிதாக எண்ணெய் தடவி, ஓவனில் 200 டிகிரியில் வெட்டுவாய் கீழே இருக்கும்படி கவிழ்த்து முப்பது நிமிடம். ஓவன் இல்லாத வீட்டில் கனமான தோசைக்கல்லில் கவிழ்த்து, மேலே ஒரு பெரிய பாத்திரத்தை மூடி, சின்னத் தீயில் இருபத்தைந்து நிமிடம் விடலாம். இட்லிப் பானையில் மட்டும் வேண்டாம். ஆவி திரும்பத் திரும்ப உள்ளேயே சொட்டி, வெளியேற்றின தண்ணீரெல்லாம் வட்டியோடு திரும்பிவிடும்.

கத்தி சிரமமில்லாமல் இறங்க வேண்டும், ஆனால் ஓடு தளரக் கூடாது. இதில் நான் ஒருமுறை பட்டிருக்கிறேன். வீட்டுக்கு விருந்தாளிகள் வந்த அன்று இன்னும் பத்து நிமிடம் இருக்கட்டுமே என்று விட்டுவிட்டு, பெருமையாக இரண்டு கையாலும் தூக்கி மேஜைக்குக் கொண்டுபோனேன், நடுவழியில் அடி கழன்று அத்தனையும் தரையில். அன்றைக்கு எல்லோருக்கும் தயிர் சாதமும் மாவடுவும்தான்.

வெந்ததும் ஒரு விரல் தடிமனுக்குச் சுவரை விட்டுவிட்டு உள்சதையை ஸ்பூனால் வழித்தெடுங்கள், ஒரு கப் வரும். இதுதான் உங்கள் க்ரீம். இதை எண்ணெய் இல்லாத வாணலியில் போட்டு, சின்னத் தீயில் மசித்தபடியே கிளறுங்கள். முதலில் சளசளவென்று இருக்கும், கொப்பளித்துத் தெறிக்கும், ஆறேழு நிமிடத்தில் சத்தம் அடங்கி நிறம் ஒரு படி ஆழமாகும். கரண்டியை இழுத்தால் பின்னால் பாதை விழுந்து, அந்தப் பாதை உடனே மூடாமல் நிற்க வேண்டும். அல்வாவுக்குப் பார்க்கிற அதே பதம்தான், நெய் மட்டும் இல்லை. இதை வெந்நீரில் ஊறிய எட்டு முந்திரியோடு மிக்ஸியில் நைசாக அரைத்துக்கொள்ளுங்கள். எட்டுக்கு மேல் போனால் க்ரீமை வாசல் வழியாக அனுப்பிவிட்டுக் கொல்லை வழியாகக் கூப்பிட்ட கதை ஆகிவிடும். எட்டு முந்திரிக்கு 65 கலோரிதான்.

க்ரீமின் மிச்ச வேலையைச் செய்யப்போவது தயிர். தயிரைச் சூட்டில் வைத்தால் திரியுமே என்று கேட்பீர்கள். மோர்க்குழம்பு வைப்பீர்கள்தானே? அதில் துவரம்பருப்பும் அரிசியும் ஊறவைத்து அரைத்து விடுவது ருசிக்கு மட்டும் என்று நினைத்தீர்களா? புளிப்பும் சூடும் சேரும்போது பால் புரதம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு திப்பியாகும். அரிசி மாவுச்சத்து நடுவில் புகுந்து அவற்றை ஒட்டவிடாமல் பார்த்துக்கொள்கிறது. அதே வித்தையை இங்கேயும் செய்யலாம். 300 கிராம் தயிரை மெல்லிய துணியில் கட்டி வடிகட்டி, கெட்டியாக 150 கிராம் எடுத்துக்கொண்டு, ஒரு டீஸ்பூன் அரிசி மாவு சேர்த்துக் கட்டியில்லாமல் அடியுங்கள். சமையலறைக் குழாயில் தொங்கவிட வேண்டாம், சென்னை வெக்கையில் இரண்டு மணி நேரத்தில் புளித்துவிடும். வடிகட்டியை ஒரு கிண்ணத்தின் மேல் வைத்து, இரவு முழுக்க ஃபிரிட்ஜுக்குள். வடிந்த தண்ணீரைச் சப்பாத்தி மாவு பிசையும்போது ஊற்றிக்கொள்ளலாம். தயிர் உறைய வைக்கிற பால் எது என்பதையும் பாருங்கள்: ஆவின் நீலப் பாக்கெட்டில் கொழுப்பு 3 சதவீதம், ஆரஞ்சில் 6. உங்கள் வீட்டுக்கு நீலம். அப்படிப் பார்த்தால் தயிரில் 9 கிராம், முந்திரியில் 5 கிராம், ஆக இரண்டும் சேர்ந்து கொழுப்பு 14 கிராம்தான். டப்பா க்ரீமில் 50 இருந்ததை நினைத்துப் பாருங்கள்.

சிக்கனுக்கு நெஞ்சுக்கறிதான் உடம்புக்கு நல்லது என்று ஜிம்முக்குப் போகிற பிள்ளைகள் எல்லோரும் சொல்கிறார்கள். கொழுப்பு குறைவு என்பது சரிதான், ஆனால் குறைவு என்பதாலேயே அது இரண்டு நிமிடம் கூடினாலும் ரப்பர் ஆகிவிடும். மூன்று பேருக்கு 400 கிராம், தோல் உரித்து எலும்பெடுத்த தொடைக்கறி வாங்குங்கள், கடையிலேயே கட்டைவிரல் நக அளவுக்கு வெட்டித் தரச் சொல்லுங்கள். ஆளுக்கு ஏறத்தாழ 25 கிராம் புரதம் ஆகிவிடும், ராத்திரிக்குத் தாராளம். குழாயைத் திறந்துவிட்டு அலசாதீர்கள், தெறிக்கிற தண்ணீரில் கிருமி சிங்க் முழுக்க, பக்கத்தில் வைத்த தட்டு முழுக்கப் பரவும். அலசாமல் மனசு கேட்காது என்றால் ஒரு பாத்திரத் தண்ணீரில் மெதுவாக முக்கியெடுத்து, வடிதட்டில் பத்து நிமிடம் வையுங்கள். அப்புறம் மஞ்சள்தூள், இஞ்சி பூண்டு விழுது, மிளகுத்தூள், அளவாக உப்பு, ஒரு ஸ்பூன் தயிர் பிசறி அரை மணி நேரம்.

அகலமான வாணலி நன்றாகக் காய்ந்த பிறகு ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு, சிக்கனை இரண்டு தடவையாகப் போட்டு பெரிய தீயில் வதக்குங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கொட்டினால் சூடு இறங்கி, தண்ணீர் விட்டு, கறி தன் தண்ணீரிலேயே வேக ஆரம்பிக்கும், பழைய கதைதான். இப்படித் தனியாக வதக்கும்போது அதன் தண்ணீர் வாணலியிலேயே வற்றிவிடும், காய்க்குள் போகாது. ஐந்தாறு நிமிடம் போதும். பெரிய துண்டு ஒன்றை வெட்டிப் பார்த்தால் நடுவில் இளஞ்சிவப்பு தெரியக் கூடாது. தெர்மாமீட்டர் இருந்தால் 74 டிகிரி.

சிக்கனை எடுத்துவிட்டு அதே வாணலியில் அடுத்த வேலையைத் தொடங்கலாம் என்று கை போகும், உங்கள் வீட்டில் மட்டும் வேண்டாம், மாமியார் இருக்கிறார். வேறு வாணலியில் இரண்டு டீஸ்பூன் எண்ணெயில் பொடியாக நறுக்கிய பத்து சின்ன வெங்காயம், ஆறு பல் பூண்டு, ஒரு பச்சை மிளகாய், கறிவேப்பிலை வதக்கி, அரைத்த பரங்கி விழுதைப் போட்டு, அரை டம்ளர் பால் விட்டு ஒரு கொதி. உப்பு, மிளகு. இந்த எண்ணெயையும் குறைத்துவிடலாமே என்று கைநடுங்க வேண்டாம், பரங்கியின் ஆரஞ்சு நிறத்தில் இருக்கிற பீட்டா கரோட்டின் உடம்பில் சேரக் கொஞ்சம் கொழுப்பு கூடவே வேண்டும். அடுப்பை அணைத்து, விரல் வைத்தால் பொறுக்கிற சூட்டுக்கு வந்த பிறகு தயிரைச் சேருங்கள். அவசரப்பட்டுக் கொதிக்கும்போதே ஊற்றினால் அரிசி மாவும் காப்பாற்றாது.

இங்கேயே மூன்று கரண்டி மாமியாருக்குத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். மிச்சத்தில் சிக்கனைக் கலந்து, காய்ப் பாதிகளில் நிரப்பி, 180 டிகிரியில் பத்துப் பன்னிரண்டு நிமிடம், மேல்பக்கம் லேசாகப் பொன்னிறமானால் போதும். தோசைக்கல்காரர்கள் மூடியின் உட்பக்கம் ஒரு துணி கட்டி மூடினால் ஆவி சொட்டாது. மகளின் பங்குக்கு மேல் மட்டும் ஒரே ஒரு கியூப் சீஸ் துருவுங்கள், பாவம், கேட்டது அவள்தான். எலுமிச்சையைத் தட்டில் வந்த பிறகு பிழிந்துகொள்ளலாம்.

மாமியாருக்குச் சௌசௌதான் என் தேர்வு. ஒருவருக்கு அளவாக இயற்கையே செய்து வைத்த கிண்ணம் அது. நீளவாக்கில் இரண்டாக வெட்டி உப்புத் தண்ணீரில் முக்கால் பதம் வேகவைத்து, கவிழ்த்து வடித்து, நடுவைக் குடைந்துகொள்ளுங்கள். மலர வெந்த பாசிப்பருப்பு ஒரு கைப்பிடி, உதிர்த்த பன்னீர் கொஞ்சம், ஒரு ஸ்பூன் தேங்காய்த் துருவல், எடுத்து வைத்த அந்த மூன்று கரண்டி, எல்லாம் கலந்து நிரப்பித் தனித்தட்டில், சிக்கன் ஓவனுக்குள் போகும் முன்பே சுட்டு எடுத்துவிடுங்கள். "இது பொரிச்ச கூட்டு மாதிரியே இருக்கே" என்பார். ஆமாம் என்று சொல்லிவிடுங்கள், பெரிய பொய் ஒன்றும் இல்லை.

கணவர் தட்டைப் பற்றி: கேக் மாதிரி வெட்டி, மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு. பரங்கி இனிக்கிறதே, சர்க்கரை ஏறாதா என்று கேட்பீர்கள். நூறு கிராமில் மாவுச்சத்து ஆறேழு கிராம்தான், அவர் பங்குக்கு வருகிற காயில் ஒரு சப்பாத்தியை ஒட்டின அளவுதான் இருக்கும். பிரச்சினை எப்போதும் கூட வருகிற சாதம். இதோடு ஒரு சப்பாத்தியும் வெள்ளரி, தக்காளி நறுக்கியதும் போதும். சாதம் இல்லாமல் சாப்பிட்ட மாதிரியே இல்லை என்பார், முதல் வாரம் அப்படித்தான் இருக்கும். டாக்டர் மாத்திரை எழுதியிருந்தால் அதை நிறுத்தாதீர்கள், மூன்று மாதம் கழித்துத் திரும்ப ரத்தப் பரிசோதனை எடுத்துக்கொண்டு அவரிடமே போங்கள்.

மீந்தால் சென்னை வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள், ஓட்டிலிருந்து வழித்து டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் மறுநாள் காலை மகளுக்குத் தோசைக்குள் வைத்துத் தரலாம். கணவர் அதற்கு முன்னால் ஃபிரிட்ஜைத் திறக்காமல் இருந்தால்.

ஞாயிறு ராத்திரிக்குச் செய்வதாக இருந்தால் சனிக்கிழமை படுக்கப் போகும் முன் தயிரை வடிகட்டியில் போட்டுவிடுங்கள். அதை மறந்துவிட்டு, கடைசி நேரத்தில் கடைக்கு ஓடி க்ரீம் டப்பாவோடு திரும்பியவர்களை எனக்குத் தெரியும், அதில் நானும் ஒருத்தி.